கிளை நூலகத்தின் மூன்று படிகள்

திருநெல்வேலிக்கு ஒரு பெரிய நூலகம் வருகிறது. அது காயிதே மில்லத் பெயரில் அமையும் என்று 2025-இல் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். நெல்லைப் பேட்டையில் பிறந்த தலைவரின் பெயரை அவர் பிறந்த மண்ணில் எழும் நூலகத்துக்குச் சூட்டுவது எல்லா வகையிலும் பொருத்தம். சென்னைக்கு 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரைக்கு 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் கிடைத்தன. அவற்றின் வரிசையில் நெல்லைக்கும் ஒன்று கிடைப்பதில் இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான்.

சென்னை, மதுரை இரண்டிலும் தரைத்தளத்தில் ஒரு தனிப் பிரிவு உண்டு. சென்னையில் அது பிரெய்ல் பிரிவு, மதுரையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு. பிரெய்ல் நூல்கள், ஒலி நூல்கள், திரையைப் படித்துச் சொல்லும் கணினிகள் என்று அவை பயனுள்ள இடங்கள். நெல்லை நூலகத்திலும் அப்படி ஒன்று இருக்கும் என்று நம்பலாம். ஆனால் அந்த அறை வந்துவிட்டால் தாமிரபரணிக் கரையில் வாழும் முதியவருக்கும், கண் தெரியாதவருக்கும், நடக்க முடியாதவருக்கும் பொது நூலகம் எட்டிவிட்டது என்று சொல்லலாமா? கட்டடம் எழுவதற்கு முன்பே இதை எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. எழுந்த பிறகு அந்த அறையைக் காட்டியே கேள்வியை முடித்துவிடுவார்கள்.

முதலில் தூரம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை இந்த ஆறு ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் கரையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். விக்கிரமசிங்கபுரத்தில் ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் தெருக்களில் பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தம்பதியர். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் காலமெல்லாம் பீடி சுற்றிக் கண்ணும் முதுகும் ஓய்ந்த பெண்கள். பத்தமடையில் கோரையோடு மாரடித்த பாய்க்காரர்கள். கிழக்கே ஸ்ரீவைகுண்டம், ஏரல். 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு 60 வயது கடந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர் என்று அதே கணக்கு சொன்னது. இரண்டு எண்ணிக்கையும் இன்று கூடித்தான் இருக்கும். பாபநாசத்து முதியவர் ஒருவர் நெல்லை நகரத்து நூலகத்துக்கு வர வேண்டுமானால் 50 கிலோமீட்டர் பஸ் பயணம். பஸ்ஸின் முதல் படியில் கால் வைப்பதே அவருக்குப் பெரிய பாடு.

அவருக்கு எட்டக்கூடிய நூலகம் அவர் ஊரில் இருக்கும் கிளை நூலகம் ஒன்றுதான். எனவே எடைபோட வேண்டிய இடமும் அதுதான்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நான் நன்கு அறிந்த கிளை நூலகம் ஒன்று உண்டு. வாசலில் மூன்று படிகள். பக்கத்தில் சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்து யாரும் தன் கைவலுவால் அதில் ஏற முடியாது, அவ்வளவு செங்குத்து. பின்னால் இருந்து தள்ளுபவருக்கும் மூச்சு வாங்கும். கணக்கு எளிதானது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கு நாடெங்கும் ஏற்கப்பட்ட விகிதம். மூன்று படிகள் சேர்ந்து ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடிக்குச் சாய்தளம் நீள வேண்டும். அங்கே இருப்பது ஆறடி. அதன் உச்சியில், கதவுக்கு முன்னால், இரண்டு மோட்டார் சைக்கிள்கள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைப்பிடி இல்லாதவைதான் அதிகம். முழங்கால் தேய்ந்தவர் உட்காருவதைவிட எழுந்திருக்கத்தான் அஞ்சுவார். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அவர் உட்காரவே மாட்டார். நாளிதழ் மேசை நடுக்கூடத்தில், வெளிச்சம் சன்னலோரத்தில். வயதானவர்கள் தாளைத் தூக்கிக்கொண்டு சன்னலருகே நின்றபடியே படிக்கிறார்கள். கழிப்பறை பூட்டியிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர் எவ்வளவு நேரம் அங்கே இருப்பார்?

இதைச் சொல்லும்போது ஒரு நியாயத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆற்றங்கரை ஊர்களில் அடித்தளத்தை உயர்த்திக் கட்டுவதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் நெல்லையும் தூத்துக்குடியும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நூலகத்தைத் தரையோடு தரையாகக் கட்டச் சொல்ல மாட்டார்கள். படியும் தேவைதான். அப்படியானால் படி உயர உயரச் சாய்தளமும் நீள வேண்டும், அதற்கு மனையில் இடம் ஒதுக்க வேண்டும். வரைபடம் போடும் நாளிலேயே யோசித்திருந்தால் செலவு ஒன்றும் பெரிதில்லை. பிறகு ஒட்டவைப்பதால்தான் அது ஆறடியில் நின்றுபோகிறது.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இருக்கும் பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக மாற்ற, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தந்தது. விதிகள் வந்தது 2017 ஜூன். அவகாசம் முடிந்தது 2022 ஜூன். 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த 15-ஆவது விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயம் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. ஆக, கிளை நூலகத்தின் சாய்தளம் என்பது நூலகரின் நல்ல மனதையோ பேரூராட்சித் தலைவரின் தாராளத்தையோ நம்பியிருக்கும் விஷயமன்று.

இதைவிட வலுவான ஒரு வாதம் நம் கையிலேயே இருக்கிறது. 1948-இல் அன்றைய சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன் பின்னணியில் இருந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கும் ஏற்பாடு அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. கல்லிடைக்குறிச்சியில் கட்டிலை விட்டு இறங்க முடியாத மூதாட்டியின் வீட்டுக்கும் அந்த வரி வருகிறது, அவர் கட்டுகிறார். நூலகத்தின் படியை மிதித்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும், வரி நின்றதில்லை. ஆகவே அவர் வீட்டுக்கு ஒரு புத்தகம் போய்ச் சேர்ந்தால் அது தர்மமாகாது. அவர் முன்பணம் கட்டிய சேவை அது.

இங்கே நெல்லைக்கே உரிய ஒரு சிக்கலைத் தொட வேண்டும். இந்தப் பள்ளத்தாக்குக்கு மாற்றுத்திறனாளிகளின் கல்வியில் பெருமைமிக்க வரலாறு உண்டு. ஆனி ஜேன் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேய மிஷனரி 1890-இல் பாளையங்கோட்டையில் பார்வையற்ற சிறுவன் ஒருவனுக்குக் கற்பிக்கத் தொடங்கியதே இன்றைய பார்வையற்றோர் பள்ளிக்கு வித்து. அமிர்தசரஸில் இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி தோன்றி அப்போது மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தெற்கே இதுதான் முதல் பள்ளி. அதே பத்தாண்டுகளில் புளோரன்ஸ் சுவைன்சன் அங்கே காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். பிறகு 1981-இல், சிற்றாற்றுப் பகுதியில் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையிலிருந்த எஸ்.ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். நாடறிந்த நிறுவனங்கள் இவை. இவற்றால் வாழ்வு பெற்றவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

ஆனால் இவற்றின் சிறப்பே பொது நிறுவனங்களுக்கு ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது என்பது என் துணிபு. கண் தெரியாதவர்களுக்குத்தான் பாளையங்கோட்டையில் பள்ளி இருக்கிறதே, அவர்களுக்கு வேண்டிய புத்தகம் அங்கே கிடைக்குமே என்று பொது நூலகம் நினைத்துப் பழகிவிட்டது. பள்ளி பதினெட்டு வயதில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஐம்பது, அறுபது வருட வாசிப்பு வாழ்க்கை மிச்சமிருக்கிறது. அந்த வாழ்க்கைக்குப் பொறுப்பேற்க வேண்டியது பொது நூலகம். முதியவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குப் பள்ளியும் கிடையாது, சங்கமும் கிடையாது. 72 வயதில் விழித்திரை கெட்டுப்போன ஒருவர் பிரெய்ல் கற்கப் போவதில்லை. அரசின் கணக்கில் மாற்றுத்திறனாளி என்று பதிவதற்கான சான்றிதழும் அவரிடம் இருக்காது. வயதானால் கண் தெரியாது என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். தனிப் பிரிவு என்ற ஏற்பாடு அடையாள அட்டை உள்ளவர்களை மனதில் வைத்து உருவானது. ஆனால் வாசிப்பை இழந்து உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பலர் எந்த அட்டையும் இல்லாத முதியவர்கள்.

தமிழ்நாடு அரசு இதை உணராமல் இல்லை. நூலகத்துக்கு வர இயலாத மாற்றுத்திறனாளிகள், மூத்த குடிமக்கள், கர்ப்பிணிகள், மருத்துவமனை உள்நோயாளிகள் போன்றோருக்குத் தன்னார்வலர்கள் வழியே வீடு தேடிப் புத்தகம் கொண்டுசெல்லும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. பிரச்சினை தூரத்தில்தான் இருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டுகொண்ட திட்டம் இது. வாசகர் வர முடியாவிட்டால் நூல் போக வேண்டும் என்ற அதன் அடிப்படை ரங்கநாதன் மரபில் வந்தது. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் எஸ்.வி.கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் சேர வேண்டும், அவருடைய நேரம் வீணாகக் கூடாது என்ற கருத்துகளை உள்ளடக்கிய ரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலாக வந்ததும் அதே 1931-இல்தான். அமெரிக்காவில் பார்வையற்றோருக்கு நூல் வழங்கத் தேசிய அளவில் சட்டம் போட்டதும் அந்த ஆண்டில்தான். அங்கே அது அரசு நிதியில் நடக்கும் நிலையான சேவையாகி, இன்றுவரை ஒலி நூலும் பிரெய்ல் நூலும் தபாலில் வீட்டுக்குப் போகின்றன. இங்கே மாட்டுவண்டி நின்ற இடத்தில் நின்றது.

நூலக நண்பர்கள் திட்டத்தின் குறை அதன் நோக்கத்தில் இல்லை, அதன் அஸ்திவாரத்தில் இருக்கிறது. 2,500 நூலகங்களுக்குச் சேர்த்து ஒதுக்கியது சுமார் 56 லட்சம் ரூபாய். ஒரு நூலகத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். பையும் அடையாள அட்டையும் வாங்கக் காணும். புத்தகம் கொண்டுபோகிறவருக்குக் கூலி கிடையாது. தன்னார்வலர் என்பவர் பெரும்பாலும் கல்லூரி மாணவர் அல்லது போட்டித் தேர்வுக்குப் படிப்பவர். தேர்வு வந்தால் வர மாட்டார், வேலை கிடைத்தால் வரவே மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கிளை நூலகரே கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்றால், பல இடங்களில் அவர் ஒற்றை ஆள். அவர் வெளியே கிளம்பினால் நூலகத்தைப் பூட்ட வேண்டும்.

தன்னார்வத்தால் ஊரும் நூலகமும் நெருங்கும், காசு கொடுத்தால் அந்த உறவு கெட்டுவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. முதியவரின் வீட்டுக்கு ஓர் இளைஞர் தானாக விரும்பி வருவதில் உள்ள பிரியம் சம்பளத்தில் வராது. ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது நிச்சயம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை ஆள் வரும் என்றால் வர வேண்டும். இருமுறை வராமல் போனால் மூன்றாம் முறை அவர் எதிர்பார்ப்பதையே விட்டுவிடுவார்.

இதே தமிழ்நாட்டில் வேறு இரண்டு பொருள்கள் வீடு தேடிப் போகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை ஊரிலேயே உள்ள பெண் பணியாளர் வீட்டில் கொண்டுவந்து தருகிறார். அவருக்கு ஊக்கத்தொகை உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் அரிசி வாசலுக்கு வருகிறது. கொண்டுவருபவர்கள் நியாயவிலைக் கடைப் பணியாளர்கள். ஆக, வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்ற பட்டியல் அரசிடமே இருக்கிறது. மாத்திரைக்கும் அரிசிக்கும் ஊதியம் கொடுத்து ஆள் அனுப்பத் தெரிந்த அரசு, புத்தகத்துக்கு மட்டும் தன்னார்வத்தை நம்புகிறது. வயதானவருக்கு வாசிப்பு தேவையா என்ற ஐயம் எங்கோ ஆழத்தில் இருப்பதாகத்தான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியே இறங்கினால் கேரளம். அங்கே மாநில நூலக கவுன்சிலின் பொறுப்பில், பெண்களுக்கும் முதியோருக்கும் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகும் திட்டம் பல காலமாக நடக்கிறது. கொண்டுபோகிறவர்கள் உள்ளூர்ப் பெண்கள், அவர்களுக்கு மதிப்பூதியம் உண்டு. தொகை சிறியது என்ற குறை அங்கேயும் இருக்கிறது. இருந்தாலும் ஊதியம் உள்ள வேலை என்பதால் அவர் வருவார் என்று நம்ப முடிகிறது. யாருக்கு எந்தக் கதை பிடிக்கும், யாருக்கு எழுத்துப் பெரிதாக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேரளத்தின் நூலகங்கள் வாசகர் சங்கங்களாகத் தோன்றியவை, நம்முடையவை துறை நூலகங்கள். அப்படியே எடுத்து நட முடியாது என்பது உண்மை. ஆனால் ஊதியம் என்ற ஒன்றை மட்டும் எடுத்து நடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்து, கொண்டுபோவது எதை? இந்தக் கேள்வியில்தான் பெரிய நூலகமும் சிறிய திட்டமும் சேர்ந்தே தோற்கின்றன.

நெல்லையில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத முதியவர் அபூர்வம். அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இங்கே இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு தூரப் பார்வை பளிச்சென்று வந்துவிடும். பொதுவாக வைக்கப்படும் லென்ஸில் படிப்பதற்குத் தனிக் கண்ணாடி வேண்டும். அதை வாங்காதவர்களும், வாங்கித் தொலைத்தவர்களும், கண்ணாடி போட்டும் பொடி எழுத்தைப் படிக்க முடியாதவர்களும் ஏராளம். இவர்களுக்கு வேண்டியது பெரிய எழுத்தில் அச்சான நூல். நம் பொது நூலகங்களின் அடுக்குகளில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. இத்தனைக்கும் தமிழ்ப் பதிப்புலகத்துக்கு இது புதிதல்ல. விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் ‘பெரிய எழுத்து’ என்று அட்டையிலேயே போட்டு, திருவிழாக் கடைகளில் விற்றன. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களையும், திண்ணையில் விளக்கொளியில் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டுபவர்களையும் மனதில் வைத்து அந்தப் பதிப்பாளர்கள் அச்சிட்டார்கள். வாசகரின் கண் எப்படிப்பட்டது என்று யோசித்த அந்த வழக்கத்தை நவீனப் பதிப்புலகம் கைவிட்டது. நூலகத் துறையும் கேட்டு வாங்கவில்லை. மாநிலமெங்கும் 4,000-க்கு மேற்பட்ட நூலகங்களுக்குக் கொள்முதல் செய்யும் துறை, ஆண்டுக்கு நூறு தலைப்புகளைப் பெரிய எழுத்தில் வேண்டும் என்று கேட்டால் அச்சிட்டுத் தரப் பதிப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள்.

கேட்டு வாசிக்கும் பழக்கமும் இந்தப் பக்கத்தில் ஆழமானது. அய்யாவழிப் பதிகளில் அகிலத்திரட்டு ஏடு வாசிப்பைப் பதினேழு நாள் உட்கார்ந்து கேட்கும் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு, ஒலி நூல் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் புதுமைப்பித்தனையும் தொ.பரமசிவனையும் நெல்லைக் குரலில் கேட்க ஒரு பொது நூலகத்தில் வழி இருக்கிறதா? இருவர் படைப்புகளும் நாட்டுடைமையானவை. பதிவு செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உரிமையுள்ள நூல்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டம், அச்சைப் படிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்காக நூல்களை வேறு வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. இதற்கென உலக அளவில் 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலாவதாக ஏற்ற நாடே இந்தியாதான். மத்திய அரசின் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் 2016 முதல் இயங்குகிறது. பார்வையற்றோருக்கான நூல்கட்டுகளை ஏழு கிலோ வரை தபால் துறை கட்டணமில்லாமல் கொண்டுசேர்க்கிறது. சட்டமும் தபாலும் இணையமும் ஆயத்தமாக இருக்கின்றன. கிளை நூலகத்தின் மேசையில் இவற்றை ஒன்றுசேர்த்து, வருகிறவருக்கு உறுப்பினர் பதிவு செய்துகொடுக்க ஓர் ஆள் இல்லை.

எல்லாம் கைபேசியில் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு நூலகம் என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006-இல் தொடங்கி இலவசமாகத் தரும் என்விடிஏ மென்பொருள் கணினித் திரையைத் தமிழிலும் படிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளும் தமிழைச் சரளமாகவே வாசிக்கின்றன. ஆனால் வாசிக்க எழுத்து வேண்டுமே! தமிழிணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய நூல்களைக் காத்த பெரும்பணி, ஐயமே இல்லை. அங்கே உள்ளவற்றில் மிகப் பல, பக்கங்களைப் படமாக எடுத்த கோப்புகள். கண் தெரிந்தவருக்கு அது நூல். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், ஒரு சொல்கூட வெளியே வராது. 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து ஏற்றியதால், அவற்றைப் பார்வையற்றவர் இன்று கேட்டுப் படிக்க முடிகிறது. அரசுப் பணத்தில் நடந்த வேலையைவிட, ஓய்வு நேரத்தில் நடந்த வேலை இந்த ஒரு விஷயத்தில் அதிகம் உதவியிருக்கிறது. மேலும், 75 வயதுப் பீடித் தொழிலாளி ஒருவர் இவற்றையெல்லாம் தானே கண்டுபிடித்துத் தரவிறக்குவார் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் நூலகர் என்று பெயர்.

காது கேளாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கண் நன்றாக இருக்கிறதே, படிக்கலாமே என்று நினைக்கிறோம். சைகை மொழியில் வளர்ந்த ஒருவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. அவருக்கு எளிய தமிழில் எழுதிய நூல்களும் சைகை மொழிக் காணொளிகளும் வேண்டும். பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த பள்ளியை வைத்துக்கொண்டு, சைகை மொழி அறிந்த ஒரு நூலகப் பணியாளரையாவது நாம் உருவாக்கியிருக்கலாம்.

தனிப் பிரிவுக்காகச் சொல்லக்கூடிய சிறந்த வாதத்தையும் எடுத்துக்கொள்கிறேன். பிரெய்ல் நூல் விலையேறியது, இடத்தை அடைப்பது. ஓர் அச்சு நூல் பிரெய்லில் பல தடித்த தொகுதிகளாக விரியும். பிரெய்ல் அச்சுப்பொறியையும் பயிற்சி பெற்ற பணியாளரையும் நூறு இடங்களில் வைக்க முடியாது. ஓர் இடத்தில் குவித்தால்தான் தரம் வரும். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பார்வையற்ற இளைஞர்களுக்கு அமைதியான இடமும் கணினியும் உடனிருந்து உதவ ஆளும் வேண்டும். பாளையங்கோட்டையைச் சுற்றி அத்தகையோர் பலர். இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். நெல்லை நூலகத்தில் அந்தப் பிரிவு கட்டாயம் வேண்டும்.

ஆனால் அதே வாதம், அந்தப் பிரிவு எதைச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கருவியையும் ஆளையும் குவிப்பது, அங்கிருந்து வெளியே அனுப்புவதற்காக. சென்னை மாதிரியையும் மதுரை மாதிரியையும் அப்படியே நெல்லையில் நகலெடுத்தால் நகரத்தில் இருப்பவர்களுக்கு, அதிலும் அங்கே வந்து சேர முடிந்தவர்களுக்கு மட்டுமே பயன். ஆகவே என் தீர்ப்பு இது: வாசிக்க இயலாதவருக்கு நூலைச் சேர்ப்பது என்ற அளவுகோலில், திருநெல்வேலிப் பகுதியின் பொது நூலக ஏற்பாடு இன்றைய நிலையில் தேறவில்லை. வரப்போகும் பெரிய நூலகமும் தன் அறைக்குள்ளேயே சேவையை முடித்துக்கொண்டால் தேறாது. நூலக நண்பர்கள் திட்டம் எண்ணத்தில் சரியானது, ஊதியம் இல்லாததால் நிலைக்காது. இந்த இரண்டையும் ஒரே ஏற்பாடாகப் பிணைத்தால்தான் இரண்டுக்கும் அர்த்தம் வரும்.

பிணைப்பது எப்படி என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பெரிய நூலகத்தின் தரைத்தளத்தில் வாசிப்பறையோடு ஒலிப்பதிவுக் கூடமும் படக்கோப்புகளை எழுத்தாக மாற்றும் பணிமனையும் இருக்க வேண்டும். அங்கே உருவாகும் ஒலி நூல்கள், பெரிய எழுத்து நூல்கள், பிரெய்ல் நூல்கள் பாபநாசம் முதல் ஏரல் வரையுள்ள கிளை நூலகங்களுக்கு மாதந்தோறும் சுற்றில் போக வேண்டும். மாவட்ட எல்லை குறுக்கே வருவது எனக்குத் தெரியும். 2019-இல் தென்காசி பிரிந்துவிட்டது, தூத்துக்குடி முன்பே தனி. வாசகருக்கு மாவட்டம் முக்கியமில்லை, நூலகத் துறை ஒன்றுதான். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு மதிப்பூதியம் கொடுத்து வீட்டுக்கு நூல் கொண்டுபோகும் வேலையைத் தர வேண்டும். யார் வீட்டுக்கு என்பதற்கு ரேஷன் பட்டியலே போதும். சான்றிதழ் கேட்கக் கூடாது. படிக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அது போதும்.

இதற்கான பணம் நூலக வரியில் இருந்து வரட்டும். உள்ளாட்சிகள் வசூலிக்கும் அந்த வரி முழுமையாக, உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவின் கைக்கு வந்தாலே இதில் பெரும்பகுதி நடக்கும். பெரிய நூலகத்தின் கட்டடத் திட்டத்தில் இப்போதே ஒரு திருத்தம் செய்ய முடியும். கட்டுமானச் செலவில் ஒரு சிறு விழுக்காட்டை ஆற்றங்கரைக் கிளை நூலகங்களின் வாசல்களுக்கு ஒதுக்குவதுதான் அது. முறையான சாய்தளம், கைப்பிடி உள்ள நாற்காலி, பூட்டாத கழிப்பறை, மேசைக்கு மேலே ஒரு நல்ல விளக்கு, நூலகர் மேசையில் நாலைந்து படிப்புக் கண்ணாடிகளும் ஓர் உருப்பெருக்கியும். இந்த ஒதுக்கீட்டை இப்போதே சேர்த்துவிட்டால், பெரிய நூலகம் திறக்கும் நாளில் அம்பாசமுத்திரத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் கிளை நூலகங்களும் புதிதாகத் திறக்கும்.

அதற்குப் பிறகு ஆண்டுதோறும் மாவட்ட நூலக அலுவலர் வெளியிட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இன்று வாசகர் வருகை, உறுப்பினர் எண்ணிக்கை, வழங்கிய நூல்கள் என்று பதிவேடுகளில் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒரு கட்டம் கூட வேண்டும்: நூலகத்துக்கு ஒருநாளும் வராத எத்தனை பேர் இந்த ஆண்டு நூல் பெற்றார்கள், எந்தெந்த ஊரில், எத்தனை முறை. பெரிய நூலகத்தின் தனிப் பிரிவை நான் அந்தக் கட்டத்தில் வரும் எண்ணைக் கொண்டே மதிப்பிடுவேன்.